பழைய கேரவன் வாங்கும்போது ஓதம் ஏறியிருக்கிறதா என்று நாமே கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். முக்கால்வாசி வேலையை மூக்கும் கட்டைவிரலும் பார்த்துக்கொள்ளும்.

நம்மூரில் இதைப் படிப்பவர்களுக்காக ஒரு வார்த்தை: இது படப்பிடிப்பில் நடிகர்கள் ஏறி உட்காரும் கேரவன் இல்லை. கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாம் வைத்து, காருக்குப் பின்னால் கொக்கி மாட்டி இழுத்துப் போகிற குட்டி வீடு. கேள்வி கேட்டவர் இங்கிலாந்தில் இருக்கிறார், பன்னிரண்டு வருடப் பழைய வண்டி ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறார். நானும் 2017-ல் யார்க்‌ஷயரில் அப்படித்தான் ஒன்று வாங்கினேன். 2005 மாடல், 4,200 பவுண்ட். ஆகஸ்ட் மாதம், நல்ல வெயில், உள்ளே எலுமிச்சை வாசம் கமகமத்தது. எதை மறைக்க அந்த வாசம் என்பது நவம்பரில்தான் புரிந்தது.

மகளின் பென்சில் முன்பக்க சோபாவுக்குப் பின்னால் விழுந்துவிட்டது. மெத்தையைத் தூக்கிவிட்டு, ஜன்னலுக்குக் கீழே மூலையில் கையை விட்டுத் துழாவினேன். கட்டைவிரல் சுவரில் பட்டது, பட்ட இடம் அப்படியே உள்வாங்கியது. ஊறின அப்பளம்தான். மேலே ஒட்டியிருந்த வினைல் தாள் மட்டும் புதுசு மாதிரி பூப்போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தது. தாளை உரித்தால் பிளைவுட் கறுத்துப் பொடிந்து வந்தது. அதற்குப் பின்னால் இருந்த மரச்சட்டத்தைத் தேங்காய் நார் போல விரலாலேயே பிய்க்க முடிந்தது. சரிசெய்ய 1,900 பவுண்ட்.

ஏன் இப்படி ஆகிறது என்று தெரிந்தால் எங்கே தேடுவது என்பதும் தெரிந்துவிடும். அந்தக் காலத்து பிரிட்டிஷ் கேரவன்களில் பெரும்பாலானவற்றுக்கு எலும்புக்கூடு மரம்தான். வெளியே மெல்லிய அலுமினியத் தகடு, நடுவில் தெர்மாகோல், உள்ளே மெல்லிய பிளைவுட், அதன்மேல் வினைல் தாள். தகடுகள் சந்திக்கும் விளிம்பில் ‘ஆனிங் ரெயில்’ என்ற அலுமினியப் பட்டியை வைத்து மரத்தோடு திருகாணியால் முடுக்கியிருப்பார்கள். பட்டிக்கு அடியில் இருக்கிற மாஸ்டிக் பசை வருடங்கள் ஆக ஆகக் காய்ந்து வெடிக்கும். அப்புறம் ஒவ்வொரு திருகாணி ஓட்டையும் ஒரு வாசல். தகடு துருப்பிடிக்காது, வெளியே பளபளவென்றே இருக்கும். மொட்டை மாடியில் ஓட்டை ஓரிடம், கூரையில் கறை வேறிடம் என்போமே, அதே கதைதான் இங்கேயும். என் வண்டியில் தண்ணீர் இறங்கியது கூரை விளிம்பில், மரம் உளுத்தது இடுப்புயரத்துக்கும் கீழே.

2010 வாக்கிலிருந்து பெய்லி, ஸ்விஃப்ட் போன்ற கேரவன் கம்பெனிகள் மரச்சட்டத்தைக் கைவிடத் தொடங்கின. உங்கள் வண்டி அந்த வகையாக இருந்தால் சட்டம் உளுத்துப்போகும் பயம் குறைவு. ஆனால் ஜன்னலும் கூரைத் திறப்பும் எந்த வண்டியிலும் ஒழுகும்.

பார்க்கப் போகிற நாளை நீங்கள் தேர்ந்தெடுங்கள். இரண்டு நாள் விடாமல் மழை பெய்திருக்க வேண்டும். (இங்கிலாந்தில் அதற்கு அதிகம் காத்திருக்க வேண்டியதில்லை.) ஹீட்டர் போட வேண்டாம், கதவைத் திறந்து வைக்க வேண்டாம் என்று விற்பவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். கதவைத் திறந்த முதல் மூச்சில் பழைய சாக்கு வாடை வந்தால் மேற்கொண்டு பார்ப்பது உங்கள் விருப்பம். வாசனை ஸ்பிரே மூக்கைத் துளைத்தாலும் எனக்கு அதே சந்தேகம்தான் வரும்.

பிறகு மெத்தைகளை எல்லாம் தூக்குங்கள். கூச்சப்படாதீர்கள், ஆயிரக்கணக்கில் பணம் கொடுக்கப் போகிறீர்கள். முன், பின் ஜன்னல்களுக்குக் கீழுள்ள மூலைகள், மேல் அலமாரிகளின் உள்மூலைகள், துணி அலமாரியின் பின்பக்கம், சக்கரத்துக்கு மேலுள்ள பெட்டி, கூரைத் திறப்பைச் சுற்றிலும் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே வாருங்கள். டார்ச்சை நேராக அடிக்காமல் சுவரோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்தால் தாளில் உள்ள சுருக்கமும் உப்பலும் நிழல் விழுந்து தெரியும். கருப்புப் புள்ளிகள், திருகாணியைச் சுற்றித் துருக்கறை, ஒரு மூலையில் மட்டும் புதுத் தாள் எல்லாமே கேள்வி கேட்க வேண்டிய இடங்கள்.

வெளியே ஆனிங் ரெயிலில் ஒரு பிளாஸ்டிக் நாடா செருகியிருக்கும். அனுமதி கேட்டு ஒரு சாண் நீளம் உருவிப் பாருங்கள். உள்ளே திருகாணித் தலைகள் பளிச்சென்று இருந்தால் நல்லது. ஆரஞ்சு நிறத்தில் கரைந்து கிடந்தால் வெகுநாளாகத் தண்ணீர் குடித்திருக்கிறது. தகட்டில் குண்டூசித் தலை அளவில் கொப்புளமும் வெள்ளைப் பொடியும் இருந்தால், பின்னால் இருக்கிற ஈர மரம் அலுமினியத்தை உள்ளிருந்து அரிக்கிறது என்று அர்த்தம். அப்படி ஒரு வண்டியை விலை பேசிக்கூடப் பார்க்க மாட்டேன்.

தரை கொஞ்சம் வேறு விஷயம். கதவுக்கு உள்ளேயும் அடுப்பு முன்னாலும் மிதித்தால் மெத்தென்று அமுங்கலாம். பல சமயம் தரைப் பலகையின் அடுக்குகள் பசை விட்டுப் பிரிந்திருக்கும், அவ்வளவுதான். துளை போட்டு ரெசின் ஏற்றிச் சரிசெய்கிறார்கள். விலையைக் குறைக்கச் சொல்ல நல்ல சாக்கு.

ஈரம் அளக்கும் மீட்டர் 25, 30 பவுண்டுக்குக் கிடைக்கும். 15 சதவீதம் வரை கவலையில்லை, 20 வரை கண் வைத்திருக்க வேண்டும், அதற்கு மேல் போனால் பழுது பார்க்க வேண்டும், 30-ஐத் தாண்டினால் சட்டமே கெட்டிருக்கும் என்பது இங்கே தொழிலில் இருப்பவர்கள் வைத்திருக்கும் கணக்கு. ஒரே ஒரு எண்ணை நம்பாதீர்கள். இடப்பக்கம் அளந்தால் அதே உயரத்தில் வலப்பக்கமும் அளங்கள். குளிர்காலக் காலையில் சுவர் வியர்த்திருந்தாலும், பின்னால் உலோகம் இருந்தாலும் மீட்டர் பொய் சொல்லும். ஊசி உள்ள மீட்டர் சுவரில் துளை போடும், கேட்டுவிட்டுக் குத்துங்கள்.

மழை ஒழுகலையும் குழாய் ஒழுகலையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். குளிர்காலத்தில் தண்ணீரை வடிக்காமல் விட்டால் உறைந்து குழாய் இணைப்புகள் வெடிக்கும். தண்ணீர் நிரப்பிப் பம்பைப் போடச் சொல்லுங்கள். எல்லாக் குழாயையும் மூடிய பிறகும் பம்ப் அவ்வப்போது தானாக உறுமினால் எங்கோ கசிகிறது.

காருக்கு இருக்கிற எம்ஓடி சோதனை (வண்டி சாலையில் ஓடத் தகுதியானதா என்று வருடா வருடம் பார்ப்பது) இங்கே கேரவனுக்குக் கிடையாது, ஆகவே வருடாந்திர சர்வீஸ் தாள்கள்தான் ஜாதகம். அதில் வண்டியின் படம் வரைந்து ஒவ்வொரு இடத்திலும் ஈர அளவு குறித்திருப்பார்கள். மூன்று நான்கு வருடத் தாள்களை வரிசையாக வைத்து ஒரே மூலையைப் பாருங்கள். 13, 17, 22 என்று ஏறிக்கொண்டே போனால் அடுத்த எண்ணை நீங்களே சொல்லிவிடலாம்.

2021-ல் இரண்டாவது வண்டி தேடியபோது ஒருவர் பின் ஜன்னலுக்குக் கீழே 27 காட்டியதைப் பார்த்து, “அது வெறும் மூச்சுக்காற்று ஈரம்” என்றார். எதிர்ப்பக்கம் 12. நன்றி சொல்லிவிட்டு ஷூவை மாட்டிக்கொண்டோம். கடைசியில் வாங்கியதில் எல்லா இடமும் 14-க்குள், கூரைத் திறப்பின் ஓரத்தில் மட்டும் 18. அதைச் சொல்லி 300 பவுண்ட் குறைத்து, அந்தத் திறப்பைக் கழற்றிப் புது மாஸ்டிக் வைத்து மாட்டினேன். ஒவ்வொரு ஏப்ரலிலும் அதே இடத்தில் மீட்டரை வைக்கிறேன். போன தடவை 15.