மொரிஸ் மைனரின் முன் சக்கரச் சத்தம்: முதலில் எதை மாற்றுவது?

கேள்வி: யாழ்ப்பாணத்தில் 1959ஆம் ஆண்டு மொரிஸ் மைனர் 1000 ஒன்று வைத்திருக்கிறேன். பள்ளம் திட்டியில் முன்பக்கம் 'டக் டக்' என்று அடிக்கிறது. ஸ்டியரிங் இறுகிவிட்டது. இடது முன்பக்கம் சற்றுத் தாழ்ந்தும் நிற்கிறது. ஷொக் அப்சோபர் இரண்டையும் மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். அது போதுமா?

பதில்: ஷொக் அப்சோபருக்குக் காசு கொடுக்க முன், கிங்பின்னின் (சக்கரம் திரும்பும் நிலைக்குத்து அச்சு) இரு முனையிலும் அதை ஏந்தும் மூட்டுகளான ட்ரன்னியன்களைப் பாருங்கள். மைனரில் உயிருக்கு ஆபத்தான தேய்மானம் அங்கேதான்.

இந்தக் காரின் முன்பக்கத்தில் சுருள் ஸ்பிறிங் கிடையாது. மைனரை வடிவமைத்த இசிகோனிஸ் 1948இல் கொண்டுவந்த அமைப்பில் நீளவாக்கில் கிடக்கும் டோர்ஷன் பார், அதாவது முறுகி விசை தரும் இரும்புத் தண்டுதான் ஸ்பிறிங். அது லோவர் ஆமை, அதாவது சக்கரத்தைத் தாங்கும் கீழ்க் கையை, கீழ்நோக்கி அழுத்துகிறது. ஆமின் நுனியில் கீழ் ட்ரன்னியன். அதற்குள் மேலிருந்து மரையாக (திருகுப் புரியில்) இறங்கியிருக்கிறது கிங்பின். தரை சக்கரத்தையும் கிங்பின்னையும் மேலே தள்ள, ஆம் ட்ரன்னியனைக் கீழே இழுக்கிறது. ஆக, ஓடும்போதும் நிற்கும்போதும் கிங்பின் ட்ரன்னியனை விட்டுக் கழன்றுவரவே பார்க்கும். பிடித்து வைத்திருப்பது மரை மட்டும். மரை கரைந்தால் ஒருநாள் சக்கரம் மட்கார்ட்டுக்குள் மடிந்து விழும். பெரும்பாலும் அது மெதுவாக ரிவேர்ஸ் எடுத்துத் திருப்பும்போது நடக்கிறது, அதில் ஓர் அதிர்ஷ்டம்.

சோதிக்கும் முறை முக்கியம். ஜக்கை சேசிக்கு அல்ல, லோவர் ஆமுக்கு அடியில், பலகைத்துண்டு வைத்துக் கொடுங்கள். அப்போதுதான் மரையின் மீதுள்ள இழுவை விடுபடும். சேசிக்கு அடியில் ஸ்டாண்டும் நிற்கட்டும். ஒருவர் பிறேக்கை மிதிக்க வேண்டும், இல்லையேல் பெயாரிங் ஆட்டத்தை ட்ரன்னியன் ஆட்டம் என்று நினைத்துவிடுவீர்கள். ரயருக்குக் கீழே கடப்பாரை கொடுத்து மெதுவாகத் தூக்குங்கள். கீழ் ட்ரன்னியனுக்குள் கிங்பின் மேலும் கீழும் நகர்ந்தால் மரை போய்விட்டது. மேல் ட்ரன்னியனில் றப்பர் புஷ் இருப்பதால் சிறு அசைவு தெரியும். அதைக் கண்டு பயப்பட வேண்டாம். கீழே ஆட்டம் கண்ணுக்குத் தெரிந்தால் காரை எடுக்காதீர்கள்.

கழற்றும்போது ஒரு எச்சரிக்கை: சக்கரம் அந்தரத்தில் தொங்கினாலும் டோர்ஷன் பார் இன்னும் முறுக்கேறியே இருக்கும். மேல் ட்ரன்னியனைப் பிடித்திருக்கும் ஷொக் அப்சோபரின் கைக்கு அடியிலுள்ள றப்பர்தான் அதைத் தடுத்து நிற்கிறது. லோவர் ஆமுக்கு அடியில் ஜக் இல்லாமல் மேல் ட்ரன்னியனைக் கழற்றினால் ஆம் காலில் வந்து அடிக்கும். ஜக்கைக் கொடுத்து, ஸ்டியரிங் முனையைப் பிரித்து, பிறேக் தட்டோடு ஹப்பைக் கழற்றிக் கம்பியால் கட்டித் தொங்க விடுங்கள். பிறேக் குழாயில் பாரம் விழக்கூடாது. பிறகு மேல் ட்ரன்னியன், அதன்பின் ஜக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி முறுக்கு தளர்ந்த பிறகே கீழ்ப்பக்கம்.

கிங்பின் மரையைத் துடைத்துப் பாருங்கள். மரையின் முகடு கத்திபோலக் கூராகியிருந்தால் அதற்குப் புது ட்ரன்னியன் போடுவது வீண்செலவு, கிங்பின்னையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒரு பக்கம் வலமரை, மறுபக்கம் இடமரை. வாங்கும்போது பக்கம் சொல்லி வாங்குங்கள். புதியதில் கிறீஸ் நிப்பிளின் துளை உள்ளேவரை திறந்திருக்கிறதா என்று ஊதிப் பாருங்கள். சீல் வளையங்கள் எப்போதும் புதியதாகவே இருக்கட்டும். பழைய சீல் வழியே மணல் போய்த்தான் இந்த மரை அரைபடுகிறது.

கீழ் ட்ரன்னியனை முட்டும்வரை ஏற்றி, ஒரு சுற்றுக்கு மிகாமல் திருப்பி விடுங்கள். முட்டியபடியே பூட்டினால் ஒரு பக்கம் திருப்பும்போது மரை இறுகும். அதிகம் தளர்த்தினால் பிடிமானம் குறையும். பூட்டியதும் இரு பக்கமும் முழுவதுமாகத் திருப்பிப் பார்க்க வேண்டும்.

அவிழ்த்த கையோடு லோவர் ஆமின் உட்பக்க ஐபோல்ட் (வளையத்தலை போல்ட்) புஷ்களையும், லோவர் ஆமை முன்பின் நகராமல் பிடிக்கும் டை பாரின் றப்பர்களையும் மாற்றிவிடுங்கள். விலை சொற்பம். உங்கள் 'டக் டக்' சத்தத்துக்கு இவையும் காரணமாகலாம். பிறேக் அடிக்கும்போது மட்டும் ஒருமுறை 'டொக்' என்றால் டை பார் றப்பர்தான். றப்பருக்குக் கிறீஸ் பூசக்கூடாது, ஊதிப்போகும். சவர்க்காரத் தண்ணீர் போதும். புஷ் உள்ள நட்களை கார் சக்கரத்தில் நின்ற பிறகே கடைசியாக இறுக்குங்கள். தொங்கும் நிலையில் இறுக்கினால் றப்பர் எந்நேரமும் முறுகியே கிடந்து கிழியும்.

ஷொக் அப்சோபரின் கை கழன்றிருக்கும்போதே அதை மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். தொடக்கம் முதல் முடிவுவரை ஒரே சீரான பாரம் தெரிந்தால் நல்லது. இடையில் வெறுமையாக ஓடினால் மூடியைச் சுற்றித் துடைத்துவிட்டு, டாம்பர் எண்ணெய் (20 தடிப்பு) ஊற்றி மெதுவாக அசைத்துக் காற்றை எடுங்கள். பிறேக் எண்ணெய் ஊற்றவே கூடாது. அச்சருகே கசிந்தால் மட்டும் மாற்றுங்கள்.

தாழ்ந்து நிற்பதற்கும் ஷொக் அப்சோபருக்கும் தொடர்பில்லை. டோர்ஷன் பாரின் பின்முனையில் துளைகளுள்ள லீவர் இருக்கிறது, உயரம் அங்கே திருத்தப்படும். முறுக்கைத் தளர்த்தாமல் அதன் போல்ட்டைத் தொடாதீர்கள். அதற்கும் முன், அந்த லீவர் பிடிக்கப்பட்டிருக்கும், முன் இருக்கைகளுக்குக் கீழுள்ள குறுக்குச் சட்டத்தைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். மைனர் துருப்பிடிக்கும் முக்கிய இடங்களில் அதுவும் ஒன்று. கடற்காற்றில் ஓடும் காரென்றால் கட்டாயம். சட்டம் உளுத்திருந்தால் வெல்டிங்தான் முதல் வேலை. பாரைக் கழற்ற நேர்ந்தால் இடது வலது மாற்றாதீர்கள். ஒரு திசையில் முறுகிப் பழகிய பார் மறுபக்கம் போனால் உடையும். அதன்மேல் சிறு கீறலும் வெடிப்புக்கு வழி.

எல்லாம் முடிந்ததும் முன் சக்கரங்களின் டோ-இன்னை (சக்கரங்களின் முன்விளிம்புகள் பின்விளிம்புகளைவிட உள்நோக்கி நெருங்கியிருக்கும் அளவு) 3/32 அங்குலத்துக்கு, அதாவது சுமார் 2.4 மில்லிமீற்றருக்கு வையுங்கள். ஸ்டியரிங் இறுக்கம் கிறீஸ் போகாத ட்ரன்னியனால் வந்திருக்கவே வாய்ப்பு அதிகம். 1,000 மைலுக்கு ஒருமுறை, மழைக்காலத்தில் அதற்கும் முன்னரே, சோதனைக்குச் சொன்னதுபோலவே லோவர் ஆமைத் தூக்கி வைத்துக் கிறீஸ் அடியுங்கள். கார் தரையில் நிற்கும்போது அடித்தால் பாரம் தாங்கும் மரைப் பக்கம் ஒட்டியே இருக்கும்; தேவையான இடத்துக்குக் கிறீஸ் போகாமல் மறுபக்கமாகப் பிதுங்கி வந்துவிடும்.