வட்டம் என்றால் ரவுண்டு. சதுர மேடையில் நடக்கும் குத்துச்சண்டையில் ஏன் ரவுண்டு?

நல்ல கேள்வி. வட்டமாகச் சுற்றினால் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்வோம். அதனால் ஒரு முழுச் சுற்றுக்கும் ஆங்கிலத்தில் ரவுண்டு என்றே பெயர். வியாசர்பாடிப் பையன்கள் பயிற்சி செய்யும்போது பாருங்கள்: 3 நிமிடம் குத்து, 1 நிமிடம் ஓய்வு, திரும்ப மணி அடிக்கும். அந்தச் சுற்றுதான் ரவுண்டு, மேடையின் வடிவம் அல்ல. ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் டாக்டர் 'ரவுண்ட்ஸ்' வருவதும் இதே பொருளில்தான். படுக்கை படுக்கையாகப் பார்த்துக்கொண்டே வார்டைச் சுற்றி வருகிறார்.

'ரவுண்ட் தி கிளாக்' என்றால் கடிகார முள் சுற்றுகிற நேரமெல்லாம், அதாவது இரவு பகலாக. துறைமுகத்து வேலை அப்படித்தான்.

அப்புறம் காசிமேட்டுக்கு வாருங்கள். மீன் விலை 520 என்றால், "ரவுண்டா 500 வாங்கிக்கோக்கா" என்பார்கள். இங்கே ரவுண்டு என்றால் சில்லறை ஒட்டாத முழு எண். எனக்கு ரொம்பப் பிடித்த பிரயோகம் இது.

'ரவுண்டு கட்டுவது' மட்டும் முழுக்க நம்முடையது. நாலு பேர் ஒருவரைச் சூழ்ந்துகொள்வதை ஆங்கிலத்தில் 'சரவுண்ட்' என்றுதான் சொல்ல வேண்டும். 'ரவுண்ட் அப்' வேறு: சிதறிக் கிடப்பவர்களை ஒன்றாகத் திரட்டுவது, அல்லது போலீஸ் மொத்தமாகப் பிடித்துப் போவது.