மகனுக்கு மட்டுமா சிஜில்?

அக்கா, போன வாரம் நீங்கள் கேட்டது மகனைப் பற்றி. எஸ்.பி.எம். பள்ளித் தேர்வு முடித்துவிட்டான், பத்து காவான் தொழிற்பேட்டையில் ஆப்பரேட்டர் வேலைக்குக் கூப்பிடுகிறார்கள், 1,700 ரிங்கிட், அனுப்பலாமா என்று. 1,700 என்பது 2025 முதல் மலேசியாவின் குறைந்தபட்சச் சம்பளம். பதினெட்டு வயதில் பெரிய பணமாகத்தான் தெரியும். ஆனால் புது இயந்திரம் வந்து இறங்கினால் முதலில் ஆட்டம் காண்பது இந்த வேலைதான்.

மின்சார வேலை பிடிக்கும் என்கிறான் அல்லவா? நம் நிபோங் திபாலிலேயே ஆறுமுகம் பிள்ளை தொழிற்பயிற்சிக் கழகம் இருக்கிறது, அரசாங்கத்துடையது. இப்போது என்னென்ன பிரிவுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று நேரில் போய்க் கேளுங்கள். எஸ்.கே.எம். என்ற மலேசியத் திறன் சிஜில் (சான்றிதழ்) மூன்று படி, நான்காவது டிப்ளோமா, ஐந்தாவது உயர் டிப்ளோமா. ஒரே மூச்சில் ஏற வேண்டாம். இரண்டோ மூன்றோ முடித்து வேலைக்குப் போய், அப்புறம் திரும்பி வரலாம். பின்னால் எரிசக்தி ஆணையத்தின் வயர்மேன் (வயரிங் செய்பவர்), சார்ஜ்மேன் (மின் நிறுவல்களைப் பார்த்துக்கொள்பவர்) சிஜிலும் எடுக்கலாம். தனியார் கல்லூரி என்றால் பணம் கட்டுமுன் அந்தப் பயிற்சிக்கு ஜே.பி.கே. (அரசாங்கத் திறன் மேம்பாட்டுத் துறை) அங்கீகாரம் உண்டா என்று பாருங்கள். பி.டி.பி.கே. என்ற திறன் மேம்பாட்டு நிதிக் கழகம் தரும் பணம் கடன்தான், திருப்பிக் கட்ட வேண்டும்.

சரி, மகன் கதை இவ்வளவுதான். எனக்குக் கவலை உங்கள் வீட்டுக்காரர், அண்ணனைப் பற்றி.

நீங்கள் பேசிக்கொண்டிருந்தபோது அவர் கைப்பேசியில் ஒரு படம் காட்டினார். செம்பனை ஆலையில் பழத்தைப் பிழியும் பிரஸ்ஸின் திருகு, பல் தேய்ந்து மழுங்கிக் கிடக்கிறது. அடுத்த படத்தில் அதே திருகு, வெல்டிங் வைத்து வளர்த்துத் தேய்த்து, புதிதுபோல். "நானே செய்தது" என்றார், ஏதோ தப்புச் செய்தவர்போல மெதுவாக. இருபத்திரண்டு வருட வேலை. கையில் ஒரு தாள் கிடையாது. ஆலை நாளை மூடினால், வேறு இடத்தில் அவரும் புதுப் பையனும் ஒன்று.

ஜே.பி.கே.யில் பி.பி.டி. என்று ஒரு வழி இருக்கிறது. மறுபடி வகுப்பில் உட்காராமல், செய்த வேலைக்கு ஆதாரம் காட்டியே எஸ்.கே.எம். வாங்கலாம். வேலைப் படங்கள், முதலாளி கடிதம், எதை எப்படிச் செய்தார் என்ற குறிப்பு எல்லாம் கோப்பாக்க வேண்டும். மதிப்பீட்டாளர் பார்த்துக் கேள்வி கேட்பார். எழுதுவதுதான் அண்ணனுக்குத் தடுமாறும். அதை மகன் உட்கார்ந்து எழுதித் தரட்டும், அவனுக்கும் தொழில் புரியும்.

சனிக்கிழமை வரும்போது அண்ணனையும் கூட்டி வாருங்கள். கைப்பேசியில் இடமில்லை என்று அந்தப் படங்களை அழித்துவிடப் போகிறார், இன்றைக்கே சொல்லிவையுங்கள்.