மண்ணுக்கடியில் கசிவு: எப்படிக் கண்டுபிடிப்பது?

கேள்வி: எங்கள் குடியிருப்பில் எவ்வளவு தண்ணீர் வந்தாலும் பற்றவில்லை. சென்சார் போட்டால் கசிவு தெரியும் என்கிறார்கள். மண்ணுக்குள் இருப்பது அதற்கு எப்படித் தெரியும்?

பதில்: முதலில் தண்ணீர் உள்ளே வரும் பிரதான குழாயில், அளவைத் தானாகப் பதிந்து அனுப்பும் ஒரு மீட்டர் போடுங்கள். நான் எப்போதும் முதலில் பார்ப்பது இரவு 2 மணியிலிருந்து 4 மணி வரையான கணக்கைத்தான். எல்லாரும் தூங்கும் நேரம். அப்போதும் மீட்டர் ஒரே சீராக ஓடினால், அந்த நேரத்தில் எந்தத் தொட்டியும் நிரம்பிக்கொண்டிருக்கவில்லை என்றால், கசிவு இருக்கிறது.

சரி, எந்த இடத்தில்? கசியும் தண்ணீர் சத்தம் போடும். குழாயின் இரு முனைகளிலும் ஒலி சென்சார் வைத்தால், அந்தச் சத்தம் கசிவுக்கு அருகில் இருப்பதை முதலில் எட்டும். 100 மீட்டர் இரும்புக் குழாய், அதில் ஒலி விநாடிக்கு சுமார் 1,200 மீட்டர் ஓடுகிறது என்று வையுங்கள். இரண்டுக்கும் இடையே 0.05 விநாடி வித்தியாசம் என்றால் 60 மீட்டர் தூர வித்தியாசம். அதாவது கசிவு ஒரு முனையிலிருந்து 20 மீட்டரில், மறுமுனையிலிருந்து 80 மீட்டரில். எவ்வளவு அழகான கணக்கு! இரண்டு சென்சாரின் கடிகாரமும் துல்லியமாக ஒத்துப்போக வேண்டும், அவ்வளவுதான்.

பிளாஸ்டிக் குழாயில் சத்தம் சீக்கிரம் அமுங்கிவிடும். சென்சார்களை நெருக்கமாக வைக்கச் சொல்லுங்கள். அப்புறம், எச்சரிக்கை வந்தால் யார் தோண்டுவது என்பதை முன்பே முடிவு செய்துவிடுங்கள்.