குண்டு வெடித்தால் கடைக்கு யார் பணம் கொடுப்பார்? பிரிட்டனின் பூல் ரீ: கேள்வி பதில்

கேள்வி: சார், பயங்கரவாதத் தாக்குதலுக்கான இன்சூரன்ஸில் பிரிட்டிஷ் அரசு ஏன் தலையிட்டது? கம்பெனிகளால் முடியாதா?

பதில்: முடியாமல் போனதுதான் காரணம். 1992 ஏப்ரல் 10 அன்று லண்டனில் பால்டிக் எக்ஸ்சேஞ்ச் என்ற கப்பல் வர்த்தகச் சந்தை அருகே, வட அயர்லாந்தைப் பிரிட்டனிலிருந்து பிரிக்கப் போராடிய ஐஆர்ஏ என்ற ஆயுதக் குழு வைத்த குண்டு வெடித்தது. மூன்று பேர் இறந்தார்கள், சேதம் பல கோடி பவுண்டு. இன்சூரன்ஸ் கம்பெனிகள் தங்கள் சுமையில் ஒரு பகுதியை மறுகாப்பீட்டு நிறுவனங்களிடம் தள்ளிவிடும். அந்த நிறுவனங்கள் இனிப் பயங்கரவாதத்துக்குப் பொறுப்பேற்க மாட்டோம் என்று கையை விரித்துவிட்டன. தீ விபத்துக்குப் பல வருடக் கணக்கு இருக்கிறது, அடுத்த குண்டுக்கு அது கிடையாது. காப்பீடு இல்லாத கட்டடத்தை நம்பி எந்த வங்கி கடன் கொடுக்கும்? எனவே 1993ல், இன்சூரன்ஸ் கம்பெனிகள் சேர்ந்து அரசின் உத்தரவாதத்தோடு நடத்தும் பூல் ரீ என்ற மறுகாப்பீட்டு நிறுவனம் உருவானது.

கேள்வி: அப்படியென்றால் மக்களின் வரிப்பணம்தானே போகிறது?

பதில்: இல்லை. முதலில் உங்கள் இன்சூரன்ஸ் கம்பெனி ஓர் அளவு வரை தன் கைப்பணத்தைப் போட வேண்டும். அப்புறம் பிரீமியத்தில் சேர்ந்த பூல் ரீ நிதி. அதுவும் தீர்ந்தால்தான் அரசு கஜானா, அதையும் பின்னால் திருப்பிக் கட்ட வேண்டும். லண்டன் பிஷப்ஸ்கேட் (1993), மான்செஸ்டர் (1996) குண்டுவெடிப்புகள் உட்பட 60 கோடி பவுண்டுக்கு மேல் கிளெய்ம் கொடுத்தும் கஜானாவைத் தொடவில்லை.

கேள்வி: என் தம்பி லண்டனில் சின்னதாகக் கடை நடத்துகிறான். கடைக்கு ஒன்றும் ஆகாமல், போலீஸ் தெருவை மட்டும் அடைத்தால்?

பதில்: இதைத்தான் எல்லோரும் கேட்க வேண்டும். 2017 ஜூன் 3 இரவு லண்டன் பரோ மார்க்கெட் பகுதியில் தாக்குதல் நடந்தது. விசாரணைக்காக மார்க்கெட்டை மூடினார்கள், ஜூன் 14ல்தான் திறந்தது. அத்தனை நாளும் வியாபாரம் இல்லை, உள்ளே இருந்த காய்கறியும் இறைச்சியும் வீண். ஆனால் கட்டடம் சேதமானால்தான் பயங்கரவாதக் காப்பீடு செல்லும் என்பது அன்றைய விதி. ஒழுங்காகப் பிரீமியம் கட்டியவர்களும் வெறுங்கையோடு நின்றார்கள். அது பெரிய அநியாயம். 2019ல் சட்டத்தைத் திருத்தி, சேதம் இல்லாத வியாபார நஷ்டத்துக்கும் பூல் ரீ பொறுப்பேற்க வழி செய்தார்கள். அதற்காக எல்லாப் பாலிசியிலும் அது தானாக வந்துவிடாது. தம்பியை ஏஜென்டிடம் எழுத்தில் கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.

கேள்வி: நடந்தது பயங்கரவாதம்தான் என்று யார் முடிவு செய்வார்கள்?

பதில்: நிதி அமைச்சகம் சான்று தர வேண்டும். மறுத்தால் தீர்ப்பாயத்துக்குப் போகலாம்.

கேள்வி: இந்தியாவில் இப்படி ஏதாவது உண்டா?

பதில்: உண்டு. நியூயார்க் தாக்குதலுக்குப் பிறகு மறுகாப்பீட்டாளர்கள் விலகியதால், 2002ல் இங்கேயும் கம்பெனிகள் கூடிப் பயங்கரவாத நிதிக்குழு ஒன்றை அமைத்தன. மத்திய அரசின் மறுகாப்பீட்டு நிறுவனமான ஜிஐசி அதை நிர்வகிக்கிறது. ஆனால் பிரிட்டனைப் போல நிதி தீர்ந்தால் அரசு தாங்கும் என்ற உத்தரவாதம் இதற்கு இல்லை. ஓர் இடத்துக்கு இவ்வளவுதான் என்று உச்சவரம்பும் உண்டு. பெரிய ஆலை வைத்திருப்பவர்கள் அந்த வரம்பைப் பார்த்து, போதாவிட்டால் மேற்கொண்டு தனிப் பாலிசி எடுத்துக்கொள்ளுங்கள்.