கடல் கடந்த கார்டு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

அமெரிக்காவில் கூடைப்பந்து கற்று, வேறு நாட்டு கிளப்புகளில் ஆடிச் சம்பாதிக்கும் கார்டுகளைப் பற்றி வந்த கேள்விகள் இவை. பந்தை மேலே கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துகிறவர் கார்டு. அணி வென்றாலும் தோற்றாலும் முதலில் பேச்சு வாங்குபவரும் அவர்தான். கீழே வரும் என்.பி.ஏ. அமெரிக்காவின் உச்ச லீக், யூரோலீக் ஐரோப்பிய கிளப்புகளின் உச்சப் போட்டி, ஃபிபா உலகக் கூடைப்பந்துச் சங்கம்.

மைக் ஜேம்ஸ் யூரோலீக்கில் அத்தனை பேரையும் தாண்டிப் புள்ளி குவித்தவர் என்கிறார்கள். அப்படிப்பட்டவருக்கு ஏன் என்.பி.ஏ.வில் இடமில்லை? – வாசகர், கோவை

இடங்களை எண்ணிப் பாருங்கள். 30 அணிகள், அணிக்கு 15 பேர், ஆக 450. அதற்கு மேல் அணிக்கு மூன்று டூ-வே ஒப்பந்தங்கள், அதாவது என்.பி.ஏ. அணிக்கும் அதன் கீழ்நிலை அணிக்கும் மாறி மாறி ஆடுபவை. இவற்றில் கார்டுகளுக்கு வருவது ஒரு பங்குதான். 6 அடி 1 அங்குல உயரக்காரருக்கு அந்தப் பங்கும் சுருங்கிவிடும்.

ஜேம்ஸ் ஓரிகன் மாநிலம் போர்ட்லாந்தில் பிறந்தவர். லமார் பல்கலைக்கழகத்தில் ஆடி முடித்தார். என்.பி.ஏ. அணிகள் புதியவர்களைத் தேர்ந்தெடுக்கும் 2012 டிராஃப்டில் அவரை யாரும் எடுக்கவில்லை. குரோவேஷியாவில் தொடங்கி, இத்தாலியின் கீழ்நிலை லீக்கில் ஒமேக்னா, கிரீஸில் ரோட்ஸ் தீவின் கொலோசோஸ் என்று சுற்றி, 2014-ல் ஸ்பெயினின் பாஸ்கோனியாவுக்கு வந்தார். அந்த அணி 2016-ல் யூரோலீக்கின் இறுதி நால்வரில் நின்றது. 2017-ல் ஃபீனிக்ஸ் சன்ஸ் டூ-வே ஒப்பந்தத்தில் எடுத்து, பிறகு முழு ஒப்பந்தமாக மாற்றி, சில வாரங்களிலேயே விடுவித்தது. அவர் ஏதென்ஸின் பனதினைகோஸுக்குப் போனார். மிலானில் ஆடிய 2018–19 சீசனில் யூரோலீக்கின் முதல் ஸ்கோரர். பிறகு சிஎஸ்கேஏ மாஸ்கோ, நடுவில் சில வாரம் புரூக்ளின் நெட்ஸ், 2021 முதல் மொனாகோ. 2024-ல் வாசிலிஸ் ஸ்பனூலிஸின் சாதனையைக் கடந்து யூரோலீக் வரலாற்றிலேயே அதிகப் புள்ளி எடுத்தவரானார். அந்த சீசனின் எம்.வி.பி.யும், அதாவது சிறந்த ஆட்டக்காரரும், அவரே.

என்.பி.ஏ. பெஞ்சில் பன்னிரண்டாவது ஆளாக உட்கார்வதும், மொனாகோவில் கடைசி இரண்டு நிமிடத்தில் பந்தைக் கையில் வைத்திருப்பதும் வேறு வேறு வேலைகள். இரண்டாவது வேலையைத் தேர்ந்தெடுத்தவரைத் தோற்றவர் என்று எழுதுவதில் எங்களுக்கு உடன்பாடே இல்லை. பணக் கணக்கும் உண்டு. என்.பி.ஏ.வுக்கு அடுத்த படியான ஜி லீக்கில் ஒரு சீசன் முழுக்க ஆடினால் 40,000 டாலரைக் கொஞ்சம் தாண்டும். வரி, சாப்பாடு எல்லாம் அதற்குள்தான். ஐரோப்பாவில் நல்ல கிளப் என்றால் வீடும் காரும் விமான டிக்கெட்டும் கிளப் செலவு.

சராசரி 15 புள்ளி எடுப்பவரை ஐரோப்பாவில் நட்சத்திரம் என்கிறார்கள். என்.பி.ஏ.வில் அது சாதாரணம் இல்லையா? – வாசகி, திருச்சி

என்.பி.ஏ. ஆட்டம் 48 நிமிடம், ஐரோப்பாவில் 40. அதிலேயே ஆறில் ஒரு பங்கு போனது போல வித்தியாசம் வந்துவிடும். ஆட்ட வேகமும் குறைவு. பயிற்சியாளர்கள் பத்துப் பேரை மாற்றி மாற்றி இறக்குவார்கள், எனவே முதன்மை கார்டு கூட 28, 30 நிமிடத்தோடு உட்கார்ந்துவிடுவார். ஃபவுல் ஆறு அல்ல, ஐந்து. ஆக, 15 புள்ளி என்பது இங்கே பெரிய எண். 2019 நவம்பரில் அனடோலு எஃபெஸின் ஷேன் லார்கின் பயர்ன் மியூனிக்குக்கு எதிராக 49 எடுத்தார் என்றால், அது எவ்வளவு என்று இந்தக் கணக்கை வைத்துப் பாருங்கள்.

அமெரிக்கக் கல்லூரியில் கலக்கிய கார்டு, ஐரோப்பாவுக்குப் போன முதல் மாதத்தில் தடுமாறுவது ஏன்? – கூடைப்பந்துப் பயிற்சியாளர், மதுரை

பெரும்பாலும் மூன்று இடங்களில்.

முதலாவது, முதல் காலடி. பந்தைப் பிடித்து நிற்கிறார், இடது கால் பிவட், அதாவது ஊன்றிய இடத்தை விட்டு எழாத கால். வலப்பக்கம் பாய வலது காலை நீட்டி வைக்கிறார். பந்து கையை விட்டுப் போவதற்கு முன்பே இடது கால் குதிகாலைத் தாண்டி விரலும் தரையை விட்டு எழும்பிவிடுகிறது. விசில், டிராவலிங், அதாவது பந்தோடு நடந்த தவறு. விதி இரண்டு பக்கமும் ஒன்றுதான்: டிரிபிள், அதாவது பந்தைத் தரையில் தட்டுவது, தொடங்கும்போது பிவட் கால் எழும்புமுன் பந்து கையை விட்டிருக்க வேண்டும். அமெரிக்காவில் இதைத் தாராளமாக விடுவார்கள், ஐரோப்பிய நடுவர் விடமாட்டார். ஒரே ஆட்டத்தில் மூன்று முறை ஊதிவிட்டால் கார்டுக்குப் பாயும் தைரியமே போய்விடும்.

சரிசெய்ய வழி இருக்கிறது. பந்தை இடுப்பருகே வைத்துத் தட்டாமல், நீட்டும் காலின் கட்டைவிரலுக்கு முன்னால் தள்ளி அடிக்க வேண்டும். கால் தரையைத் தொடும்போது பந்தும் தரையைத் தொட வேண்டும். முதல் பத்து நாள் வேகமே வேண்டாம், நடந்துகொண்டே செய்யச் சொல்லுங்கள். பக்கவாட்டிலிருந்து கைபேசியில் எடுத்து, பிவட் கால் விரலை மட்டும் மெதுவாக ஓட்டிப் பார்த்தால் ஆட்டக்காரருக்கே தெரிந்துவிடும்.

இரண்டாவது, பிக் அண்ட் ரோலில் வரும் ஹெட்ஜ். பிக் அண்ட் ரோல் என்றால், சக ஆட்டக்காரர் ஒருவர் கார்டைத் தடுப்பவரின் வழியில் நின்று மறித்து (அதுதான் ஸ்கிரீன்), பிறகு கூடையை நோக்கி நகர்வது. ஸ்கிரீன் போட்டவரைக் காக்கும் சென்டர் இரண்டு மூன்று எட்டு வெளியே பாய்ந்து கார்டின் வழியை மறிப்பார். புதிதாக வந்தவர் என் வேகத்துக்கு இவர் எம்மாத்திரம் என்று அவரைச் சுற்றிக்கொண்டு பக்கக்கோட்டுப் பக்கம் ஓடுவார். கோடு ஒருபுறம், சென்டர் ஒருபுறம், முதுகில் துரத்தும் ஆள். மாட்டிக்கொண்டு எம்பிக் குதித்து வீசும் பந்து நேராக எதிரணியின் சுலபக் கூடையில் போய் முடியும். செய்ய வேண்டியது, இரண்டு டிரிபிள் பின்வாங்குவது. சென்டரும் கூடவே இழுபட்டு வெளியே வருவார். அந்த நொடியில் ஸ்கிரீன் போட்டவர் ஃப்ரீ த்ரோ கோட்டருகே ஆளில்லாமல் நிற்பார். பந்து அவர் கைக்குப் போனால் அங்கே நாலு பேருக்கு மூன்று பேர். ஒரு டிரிபிள் கூடுதலாகத் தட்டினால் சென்டர் திரும்பி ஓடிவிடுவார், வாய்ப்பும் போய்விடும்.

இதோடு சேர்ந்த இன்னொன்று: என்.பி.ஏ.வில் தடுப்பவர் யாரையும் காக்காமல் ரிங்கின் முன்னுள்ள பெயின்ட் பகுதிக்குள் மூன்று விநாடிக்கு மேல் நிற்க முடியாது. ஃபிபா விதியில் அந்தத் தடை கிடையாது. உயரமான சென்டர் ரிங்கின் கீழேயே குடியிருப்பார். எனவே அவர் கைக்கு எட்டாமல் உயரத் தூக்கிப் போடும் ஃப்ளோட்டர் இல்லாத கார்டு ஐரோப்பாவில் பாதி கார்டுதான்.

மூன்றாவது, டைம்-அவுட். இருவர் மறித்துப் பந்தோடு மாட்டிக்கொண்டால் கையால் சைகை காட்டித் தப்பிப்பது அமெரிக்கப் பழக்கம். ஃபிபா ஆட்டத்தில் பயிற்சியாளர் மட்டுமே கேட்க முடியும், அதுவும் பந்து நின்ற பிறகு, அல்லது எதிரணி கூடை போட்ட பிறகு. முதல் பாதியில் இரண்டு, இரண்டாம் பாதியில் மூன்று, அவ்வளவே.

மூன்று புள்ளிக் கோடு 6.75 மீட்டர். என்.பி.ஏ.வின் 7.24-க்குப் பழகியவருக்கு அது சிரமமே இல்லை. ஆனால் அணி ஜெயித்துக்கொண்டிருக்கும்போது கடைசி விநாடிகளில் பந்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடாதீர்கள். இரு அணிகளும் வெற்றிகளில் சமமானால், அவர்கள் தமக்குள் ஆடிய ஆட்டங்களின் புள்ளி வித்தியாசம் வரிசையைத் தீர்மானிக்கலாம். அங்கே கடைசிக் கூடையும் போடப்படும். அதை மரியாதைக் குறைவு என்று சண்டைக்குப் போகக் கூடாது.

என் அண்ணன் மகன் நியூஜெர்சியில் பிறந்து வளர்ந்தவன், கல்லூரி அணியில் பாயிண்ட் கார்டு. ஒரு ஐரோப்பிய கிளப் ஒப்பந்தம் அனுப்பியிருக்கிறது. எதைக் கவனிக்க வேண்டும்? – வாசகர், தஞ்சாவூர்

தொகையைக் கடைசியில் பாருங்கள். முதலில் 'கியாரன்டீட்' என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். அடிபட்டாலும், ஆட்டம் சரியில்லை என்று நீக்கினாலும் முழுச் சம்பளமும் தர வேண்டும் என்பதை அது குறிக்கும். 'முதல் 30 நாளுக்குள் கிளப் விரும்பினால் விலக்கலாம்' என்ற வரி எங்காவது பின்பக்கத்தில் இருந்தால், முன்பக்கத்தில் உள்ள கியாரன்டீ வெறும் மைதான்.

அடுத்தது மருத்துவப் பரிசோதனை. தேறினால்தான் ஒப்பந்தம் செல்லும் என்றிருக்கும், அது நியாயம். ஆனால் வந்து சேர்ந்த 48 அல்லது 72 மணி நேரத்துக்குள் கிளப் பரிசோதனையை முடிக்க வேண்டும், முடிக்காவிட்டால் தேறியதாகக் கொள்ளப்படும் என்று எழுதி வாங்குங்கள். பரிசோதனை முடியும்வரை பயிற்சிக்குக் கால் வைக்கக் கூடாது. 'சும்மா லேசாக ஓடு' என்று கூப்பிடுவார்கள். அதில் கணுக்கால் பிசகினால், ஒப்பந்தம் இன்னும் தொடங்கவே இல்லை என்று சொல்லிவிடலாம்.

சம்பளம் 'நெட்' ஆக, அதாவது அந்நாட்டு வரி கிளப் பொறுப்பாக இருக்க வேண்டும். வழக்கமாக 10 மாதத் தவணை. ஒவ்வொரு தவணைக்கும் தேதி வேண்டும். தவணை 15 நாள் தாமதித்தால் பயிற்சியிலிருந்து விலகி நிற்கலாம், 30 நாள் தாண்டினால் மீதி முழுச் சம்பளமும் உரித்தாக வெளியேறலாம் என்ற மாதிரி வரி அவசியம். நாள் எண்ணிக்கை பேரத்தில் மாறலாம், வரி இல்லாமல் போகக் கூடாது. சில கிளப்புகள் சம்பளத்தை ஆட்டத்துக்கு ஒன்று, படம்-பெயர் உரிமைக்கு ஒன்று என இரண்டு ஒப்பந்தமாகப் பிரிக்கும். முதலாவதில் மட்டும் பாதுகாப்பு வரிகளை வைத்துவிட்டு இரண்டாவதை மொட்டையாக விடுவார்கள். இரண்டையும் அருகருகே வைத்துப் படியுங்கள்.

ஏஜென்ட் ஃபிபா உரிமம் பெற்றவரா என்று பாருங்கள். கட்டணம் வழக்கமாக 10 சதவீதம், அதைக் கிளப் தனியாகக் கொடுக்கும், பையனின் சம்பளத்தில் கழிக்கக் கூடாது.

நாடு மாறி ஆட 'லெட்டர் ஆஃப் கிளியரன்ஸ்' வேண்டும். அமெரிக்கக் கல்லூரியிலிருந்து நேராகப் போகிறவருக்கு அதை யுஎஸ்ஏ பாஸ்கெட்பால் தரும். பிறகு ஒவ்வொரு முறையும், கடைசியாக ஆடிய நாட்டின் சங்கம். ஆட்டக்காரர் இன்னும் ஒப்பந்தத்தில் இருக்கிறார் என்ற ஒரே காரணத்துக்காகத்தான் அதை மறுக்க முடியும். 'பாக்கி கேட்டு வழக்குப் போட்டால் கிளியரன்ஸ் தரமாட்டோம்' என்று மிரட்டினால் பயப்பட வேண்டாம்.

கிளப் சம்பளமே தராவிட்டால் எங்கே போவது? – வாசகர், சேலம்

ஒப்பந்தத்தில் பேட் (BAT) எனப்படும் கூடைப்பந்து நடுவர் தீர்ப்பாயத்தின் பெயர் இருந்தால் அங்கே. 2007-ல் ஃபிபா தொடங்கியது, இருக்கை ஜெனீவா. வழக்கைத் தீர்ப்பவர் ஒரே ஒருவர். நடைமுறை ஆங்கிலத்தில், பெரும்பாலும் காகிதங்களை வைத்தே தீர்ப்பு, நேரில் போக வேண்டியதில்லை. எந்த நாட்டுச் சட்டத்தையும் பிடித்துத் தொங்காமல், நியாயம் எதுவோ அதன்படி தீர்க்கும் முறை. தீர்ப்புப்படி கிளப் பணம் தராவிட்டால் புதிய ஆட்டக்காரர்களைப் பதிவு செய்ய ஃபிபா தடை போடலாம். அந்தத் தடைக்குத்தான் கிளப்புகள் பயப்படுகின்றன.

பெயர் ஒப்பந்தத்தில் இல்லையென்றால் அந்த ஊர் நீதிமன்றம்தான் கதி. இருந்தும் தோற்பவர்கள் பெரும்பாலும் காகிதத்தில் தோற்பவர்கள். பாக்கி என்று வாய்ப்பேச்சாகவும் வாட்ஸ்அப்பிலும் கேட்டிருப்பார்கள், ஒப்பந்தத்தில் உள்ள முகவரிக்கு முறையான மின்னஞ்சல் போயிருக்காது. அல்லது கெடு முடிவதற்கு இரண்டு நாள் முன்பே கோபத்தில் விமானம் ஏறியிருப்பார்கள். அப்படிப் போனால் ஒப்பந்தத்தை மீறியவர் ஆட்டக்காரர் என்றாகிவிடும்.

வெளிநாட்டில் சம்பாதித்தால் அமெரிக்க வரி கிடையாதாமே? – வாசகர், சென்னை

தவறு. அமெரிக்கக் குடிமகன் எங்கே சம்பாதித்தாலும் அங்கே கணக்குக் காட்ட வேண்டும். வெளிநாட்டு வருமான விலக்கு உண்டு, 2024-க்கு 1,26,500 டாலர் வரை. அதற்கான ஒரு வழி, தொடர்ந்த 12 மாதத்தில் 330 முழு நாட்கள் வெளிநாட்டில் இருப்பது. ஆட்டக்காரர் ஆகஸ்டில் போய் மே கடைசியில் வீடு திரும்பி இரண்டு மாதம் இருப்பார். 35 நாள்தான் இடம், கணக்கு உடைந்துவிடும். பிறகு மிஞ்சுவது வெளிநாட்டில் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் வழி. அதற்கு அவர் பெயரில் வரி கட்டிய சான்று வேண்டும். 'நெட் சம்பளம்' தந்த கிளப் வரியைக் கட்டியிருந்தாலும் சீட்டைத் தராமல் இழுத்தடிப்பது நடக்கும். ஆண்டுதோறும் வரிச் சான்று தர வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்க வேண்டியது அதனால்தான்.

அமெரிக்கர்கள் ரஷ்யாவுக்கும் ஸ்பெயினுக்கும் தேசிய அணியில் ஆடியது எப்படி? – வாசகி, நெல்லை

குடியுரிமை பெற்று. 16 வயதுக்குப் பிறகு குடியுரிமை பெற்றவர்களில் ஒருவரை மட்டுமே ஒரு தேசிய அணி வைத்துக்கொள்ளலாம். பெரும்பாலும் அந்த ஒரு இடம் கார்டுக்குப் போகும். ஐரோப்பிய நாடுகள் மோதும் யூரோபாஸ்கெட்டின் 2007 இறுதியில் மாட்ரிட்டிலேயே ஸ்பெயினை 60–59 என்று வீழ்த்திய கூடையைப் போட்டவர் ரஷ்யாவின் ஜே.ஆர். ஹோல்டன், பிறந்தது பிட்ஸ்பர்க். அதே போட்டியில் 2022-ல் ஸ்பெயின் தங்கம் வென்றபோது கார்டு லோரென்சோ பிரௌன்.

கிளப்பிலும் இது பெரிய விஷயம். ஜெர்மன் லீக்கில் 12 பேரில் 6 பேர் ஜெர்மானியர் இருக்க வேண்டும். வெளிநாட்டவருக்கான இடம் குறைவு, தொடர்ந்து நாலு ஆட்டம் தோற்றால் முதலில் மாற்றப்படுவது அந்த இடத்தில் இருப்பவர். இரண்டாவது பாஸ்போர்ட் கையில் இருப்பவருக்கு வேலை கிடைப்பது வேறு மாதிரி.

யூரோலீக் முதல் ஸ்கோரர் கோப்பைக்கு அல்ஃபான்சோ ஃபோர்ட் பெயர் ஏன்? – வாசகர், புதுச்சேரி

மிசிசிப்பி வேலி ஸ்டேட் கல்லூரியில் ஆடிய கார்டு. 1993 டிராஃப்டில் எடுக்கப்பட்டும் என்.பி.ஏ.வில் ஆடியது 11 ஆட்டங்கள்தான். கிரீஸில் பெரிஸ்டேரி, ஒலிம்பியாகோஸ், பிறகு இத்தாலியில் சியெனா, பெசாரோ. 2001, 2002 இரண்டு சீசனிலும் யூரோலீக்கின் முதல் ஸ்கோரர். ரத்தப் புற்றுநோய் இருப்பது பல ஆண்டுகளாகவே அவருக்குத் தெரியும், அதோடுதான் ஆடினார். 2004 ஆகஸ்ட் கடைசியில் இனி ஆட உடல் இடம் தரவில்லை என்று அறிவித்தார். செப்டம்பர் 4 அன்று, 32 வயதில் இறந்தார். 2005 முதல் கோப்பைக்கு அவர் பெயர். 2019-ல் அதை வாங்கியவர் மைக் ஜேம்ஸ்.

இந்த ஆட்டங்கள் நம் நேரப்படி எப்போது? – வாசகி, ஈரோடு

யூரோலீக் பெரும்பாலும் வியாழன், வெள்ளி இரவு. சில வாரங்களில் செவ்வாய், புதனும் சேரும். மேற்கு ஐரோப்பாவில் இரவு 8 மணி ஆட்டம் குளிர்காலத்தில் நமக்கு நள்ளிரவு 12.30. மார்ச் கடைசி ஞாயிறுக்குப் பிறகு 11.30 ஆகிவிடும்.