கைரோபிராக்டிக் கிளினிக்குக்கு ஆட்கள் தொடர்ந்து வர என்ன செய்ய வேண்டும்?

விளம்பரத்துக்குப் பணத்தைக் கொட்டியும், ஒருமுறை வந்தவர் மறுபடி எட்டிப் பார்ப்பதில்லை என்கிறீர்கள். முதுகை அழுத்தித் திருப்பும்போது வரும் சொடக்குச் சத்தத்தை மைக் வைத்துப் பதிவு செய்து ரீல் போடச் சொல்லும் ஆலோசகர் ஒருவர் உங்களிடமும் வந்து போயிருப்பார். எங்களிடமும் வந்தார்.

என் கணவர் கைரோபிராக்டர், அதாவது முதுகெலும்பையும் மூட்டுகளையும் கையால் அழுத்தித் திருப்பி வலிக்குச் சிகிச்சை தருபவர். முன்மேசை, போன், கணக்கு, விளம்பரம் எல்லாம் என் தலையில். ‘இதெல்லாம் வைத்தியமா?’ என்று கமென்ட் போடக் காத்திருப்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள். சாதாரண இடுப்பு வலிக்கான வழிகளில் ஒன்றாக இதை அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரியின் 2017 வழிகாட்டுதலே சொல்கிறது. அதைத் தாண்டி வாயை விட்டால்தான் வம்பு. குழந்தைகளின் ஆஸ்துமாவுக்கும் இது உதவும் என்பதைக் கேள்வி கேட்டு எழுதிய அறிவியல் எழுத்தாளர் சைமன் சிங் மீது பிரிட்டிஷ் கைரோபிராக்டிக் சங்கம் வழக்குப் போட்டது. 2010-ல் வழக்கை அவர்களே கைவிட்டார்கள். மானம் போனதுதான் மிச்சம்.

அந்தச் சத்தம் மூட்டுத் திரவத்தில் உண்டாகும் வாயுக்குமிழி சம்பந்தப்பட்டது, அவ்வளவுதான். எலும்பு நகர்ந்து உட்காரும் சத்தமில்லை. சத்தம் கேட்க வருகிறவர் கேட்டதும் போய்விடுவார். ரீலே கூடாது என்று சொல்லவில்லை, நாங்களும் போடுகிறோம். தூக்கும்போது எப்படிக் குனிவது என்பது மாதிரி.

ஆலோசகர் சொன்ன இன்னொன்று: ‘வந்தவரைச் சிகிச்சை தராமல் அனுப்பாதீர்கள்.’ அவர் சொல்லிப் போன கொஞ்ச நாளில் ஒருவர் வந்தார். நாற்காலியில் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்துதான் படிவத்தை நிரப்பினார். சிறுநீர் கழிப்பதில் சிரமம் உண்டா என்ற இடத்தில் டிக் போட்டு, பிறகு அதை அடித்திருந்தார். கேட்டேன். கூச்சத்தோடு, ‘நேற்றிலிருந்து சரியாப் போகலைம்மா, உட்காரும் இடமும் மரத்த மாதிரி இருக்கு’ என்றார். என் கணவர் பரிசோதித்தார், முதுகை அழுத்தித் திருப்பவில்லை. தண்டுவடத்துக்குக் கீழே இருக்கும் நரம்புக் கற்றை நசுங்கியிருக்கலாம், தாமதித்தால் நிரந்தர பாதிப்பு என்று சொல்லி, கடிதம் எழுதிக் கொடுத்து அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பினார். நான் கட்டணம் வாங்கவில்லை. அன்றே அறுவை சிகிச்சை நடந்ததாம்.

அவருடைய குடும்ப மருத்துவர் அதுவரை எங்களை மதித்ததே இல்லை. அந்தக் கடிதத்தைப் பார்த்த பிறகு இடுப்பு வலிக்காரர்களை அவரே அனுப்ப ஆரம்பித்தார். இப்போது, நோயாளி சம்மதித்தால், அவருடைய மருத்துவருக்கு ஒரு பக்கக் கடிதம் போகும்: என்ன கண்டோம், என்ன செய்தோம், எப்போது நிறுத்துவோம். எங்கள் விளம்பரத்தில் பாதி அதுதான். முதல்முறை வந்தவருக்கு மறுநாள் நானே போன் செய்து ‘வலி எப்படி இருக்கிறது?’ என்று மட்டும் கேட்பேன். அடுத்த வருகை பற்றிப் பேச மாட்டேன், அவர்களே கேட்பார்கள்.

மாதக்கணக்கில் முன்பணம் வாங்கும் பேக்கேஜ் வேண்டாம். பெரும்பாலான திடீர் இடுப்பு வலி சில வாரங்களில் தானாகவே குறைந்துவிடும். குறைந்த பிறகும் வரச் சொன்னால், ‘பணம் பிடுங்கிகள்’ என்று ஊரெல்லாம் சொல்வார்கள். விளம்பரமே பாவம் என்று நான் சொல்வதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம். இந்தத் தொழிலை 1895-ல் தொடங்கிய டி.டி. பால்மரின் மகன் 1922-ல் வானொலி நிலையமே வாங்கியவர்!

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அப்பாயின்ட்மென்ட் மென்பொருள். நாங்கள் வைத்திருந்த நிறுவனம் சந்தாவை ஏற்றிக்கொண்டே போனது. விலகுகிறோம் என்றதும், எங்கள் நோயாளிகளின் பட்டியலை எங்களுக்கே தரத் தனிக் கட்டணம் கேட்டது. முன்மேசைப் பெண்ணும் நானும் ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொரு பெயராகக் கையால் எழுதி எடுத்தோம். கையெழுத்துப் போடும் முன், பட்டியலை எக்செல்லில் இறக்க முடியுமா என்று கேளுங்கள். ‘முடியும்’ என்றால், உங்கள் கண் முன்னால் இறக்கிக் காட்டச் சொல்லுங்கள்.